‘லைலாக்’ என்று வாங்கிய செடி: இது எது?

கேள்வி: லேபிளில் ‘பெர்ஷியன் லைலாக்’ என்று மட்டும் இருக்கிறது. இலை வேப்பிலை மாதிரி, ஆனால் இன்னும் கிளைத்துப் பிரிகிறது. பூ வெளிர் ஊதா. லைலாக்தானா? கவாத்து (கிளை வெட்டுவது) எப்போது?

பதில் 1: இல்லைங்க, அது மீலியா அசெடராக், வேம்பின் குடும்பம். பூவைக் கிட்டத்தில் பாருங்கள்: குறுகிய ஐந்து இதழ், நடுவில் கருஊதாக் குழாய் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பழம் நச்சு, குழந்தை, நாய் உள்ள வீட்டில் கவனம். தொட்டிக்கு ஆகாது, மரமாகிவிடும். இலை உதிர்ந்திருக்கும்போது கவாத்து செய்யுங்கள். நிஜ லைலாக் என்பது சிரிஞ்சா எனும் வேறு செடி: நான்கு இதழ், எதிரெதிர் இலைகள். சிக்கல் என்னவென்றால், அதில் ஒரு வகையான சிரிஞ்சா பெர்சிகாவுக்கும் ‘பெர்ஷியன் லைலாக்’ என்றுதான் பெயர். தாவரவியல் பெயர் இல்லாத லேபிளை நம்பாதீர்கள்.

பதில் 2: சிரிஞ்சா அடுத்த வருட மொட்டைக் கோடையிலேயே உருவாக்கிவிடும். பூ முடிந்த கையோடு வெட்டணும்; குளிர்காலக் கடைசியில் வெட்டினால் மொட்டும் சேர்ந்து போய்விடும். ‘சம்மர் லைலாக்’ எனும் பட்லியா டேவிடி நேர் எதிர்: புதுத் தளிரில் பூக்கும், வசந்தத் தொடக்கத்தில் தரையிலிருந்து 30 செ.மீ. மட்டும் விட்டு வெட்டலாம். ‘கலிபோர்னியா லைலாக்’ சியனோத்தஸை அப்படி ஒட்ட வெட்டாதீர்கள், முதிர்ந்த கட்டையில் பெரும்பாலும் துளிர்க்காது.

கேட்டவர்: குளிரே இல்லாத இடத்தில் சிரிஞ்சா வருமா?

பதில் 1: வளர்ந்தாலும் சரியாகப் பூக்காது, மொட்டு விழிக்கக் குளிர் வேண்டும். அதற்குப் பதில் லாகர்ஸ்ட்ரோமியா இண்டிகா எனும் பூச்செடியை வையுங்கள். சுருங்கிய ஆறு இதழ், முழு வெயில் போதும். அதையும் ‘இந்தியன் லைலாக்’ என்பார்கள், வேம்பையும் அப்படியே!