கடைசிக் கல்லை நான் பார்க்கவில்லை: பிராட் குஷூவின் ஆட்டங்களும் நம் அனுபவங்களும்

கிழக்குக்கரையான் எழுதியது:

2025-26 பருவத்தோடு ஆட்டத்திலிருந்து விடைபெறப்போவதாகக் கனடாவின் கர்லிங் வீரர் பிராட் குஷூ அறிவித்த நாளிலிருந்து என் மனத்தில் ஒரு பச்சை மேலங்கிதான் நிற்கிறது. பனித்தரையில் கல்லை வழுக்கவிட்டு வளைய இலக்கில் நிறுத்தும் ஆட்டம் கர்லிங், கல்லுக்கு முன்னால் துடைப்பத்தால் தேய்த்தால் அது கூடுதல் தூரம் போகும், பிரையர் என்பது கனடாவின் ஆண்கள் தேசியப் போட்டி என்றெல்லாம் இங்கே வருபவர்களுக்கு விளக்கத் தேவையில்லை என்பதால் நேரே 2017 மார்ச் 12ஆம் திகதி இரவுக்கு வருகிறேன். நியூஃபவுண்ட்லாந்தின் தலைநகரான செயின்ட் ஜான்ஸின் மைல் ஒன் அரங்கு. பிரையர் இறுதியாட்டம். எதிரில் கெவின் கோவின் அணி. பத்தாவது எண்டில், அதாவது கடைசிச் சுற்றில், ஆட்டம் 6-6. கடைசிக் கல் எங்கள் ஊர்க்காரர் குஷூவின் கையில்.

1976இல் ரெஜைனாவில் ஜாக் மக்டஃப் வென்ற பிறகு 41 ஆண்டுகளாக நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் வராத கிண்ணம் அது. குஷூவுக்கோ அது 14ஆவது பிரையர். பருவத்தின் முதல் மாதங்களை இடுப்புக் காயத்தால் வெளியில் இருந்தே கழித்திருந்தார். எனக்கு அப்போது இந்த ஊரில் நாலு வருடப் பழக்கம். கூட வேலை செய்தவர் ஒருவர் கடைசி நேரத்தில் போக முடியாமல் நுழைவுச்சீட்டை என்னிடம் தந்திருந்தார்.

கல்லை விட்டார். விட்ட மறுகணமே கத்தத் தொடங்கினார். வேகம் போதாது என்பது அவருடைய குரலிலேயே தெரிந்தது, அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் அது விளங்கியது. அவருடைய அணியின் ஜெஃப் வோக்கரும் பிரெட் கலண்டும் கல்லுக்கு முன்னால் முதுகு ஒடியத் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். கல் பாதி வழியைத் தாண்டியிருக்கும். எனக்கு முன் ஆசனத்தில் இருந்த பெரிய மனிதர் எழுந்து நின்றார். நானும் எழுந்தேன், ஆனால் என் உயரத்துக்கு அந்த மேலங்கியின் முதுகும் அதில் ஒட்டியிருந்த ஒரு சோளப்பொரியும் மட்டுமே எட்டின. ஒரு கல் நின்று ஓய இருபது, இருபத்தைந்து விநாடி பிடிக்கும். அதில் பாதியை நான் சோளப்பொரியைப் பார்த்தபடி கழித்தேன். பிறகு கூரை இடிந்தது போல ஒரு சத்தம் எழுந்தது, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மூதாட்டி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், 7-6 என்று பலகையில் மாறியது.

அந்தக் காட்சியைப் பின்னர் திரையில் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். கல் மெல்ல வந்து, தேய்ப்பின் தயவில் ஊர்ந்து, போதுமான இடத்தில் நிற்கிறது. அரங்கில் இருந்தீர்களா என்று யாராவது கேட்டால் இருந்தேன் என்று சொல்கிறேன். பார்த்தீர்களா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

அரைமணிக்கணக்கு எழுதியது:

நான் உங்களுக்கு முந்தைய ஆள். 2006 பிப்ரவரியில் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் முதுநிலை படித்துக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. துடைப்பத்தை வைத்துக்கொண்டு ஒலிம்பிக் பதக்கம் வாங்குகிறார்கள் என்று ஊருக்குக் கடிதம் எழுதிச் சிரித்தவன் நான். 24ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, இந்த மாகாணத்துப் பள்ளிக்கூடங்களை எல்லாம் மதியத்தோடு மூடிவிட்டார்கள். புயலால் அல்ல, குழந்தைகள் டூரின் ஒலிம்பிக்கில் கனடா ஆடும் இறுதியாட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று கல்வி அமைச்சரே மூடச் சொன்னார். அதற்குப் பிறகு சிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எதிரணி பின்லாந்து. ஆறாவது எண்ட் முடிந்ததும் கனடாவின் கணக்கில் 6 என்று விழுந்தது. ஆட்டம் அரைகுறையாகப் புரிந்த நான் அது எண்டின் எண் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்; ஒரே எண்டில் ஆறு புள்ளி என்று சுற்றியிருந்தவர்கள் மேசை மேல் ஏறியிருந்தார்கள். 10-4 என்று முடிந்தது. அப்போது 25 வயதுக்காரரான குஷூ பனித்தரையில் நின்றபடியே தொலைபேசியில் வீட்டுக்கு அழைத்தார். புற்றுநோய்ச் சிகிச்சை காரணமாக அவருடைய அம்மா இத்தாலிக்குப் போகவில்லை. மைதானத்தில் மற்றவர்கள் கட்டித்தழுவிக்கொண்டிருக்க, இவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசியதைப் பார்த்தேன்.

நான் உடனே எழுந்து, பையில் இருந்த அழைப்பு அட்டையோடு பொதுத் தொலைபேசி வரைக்கும் போனேன். நியூஃபவுண்ட்லாந்தின் நேரமும் நம் ஊரைப் போல அரை மணிக் கணக்கில் ஓடுவது. குளிர்காலத்தில் இரண்டுக்கும் இடையே சரியாக ஒன்பது மணி நேரம். கணக்குப் போட்டுப் பார்த்தால் மதுரையில் நள்ளிரவு தாண்டியிருந்தது. அந்த நேரத்தில் மணி அடித்தால் அம்மா பயந்துவிடுவாள் என்று அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். இதுதான் என் அனுபவம். பதக்கத்தைவிட இதுவே நினைவில் இருக்கிறது.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். குஷூவோடு கூடவே வளர்ந்து, 2001இல் உலக இளையோர் பட்டத்தையும் சேர்ந்து வென்ற மைக் ஆடமை வெளியே உட்கார வைத்துவிட்டு, ஒலிம்பிக்கின் நடுவில் 50 வயது நிறைந்த ரஸ் ஹோவர்டை வெளி மாகாணத்திலிருந்து கொண்டுவந்து ஆடியது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை.

ஓசவா வாசகி எழுதியது:

நான் கண்டது வெற்றியும் அல்ல, தோல்வியும் அல்ல. 2015 நவம்பரில் ஓசவாவில் நடந்த கிராண்ட் ஸ்லாம் போட்டி அது. ஏழு வயது மகளுக்கு ஏதாவது விளையாட்டைக் காட்டுவோம் என்று அழைத்துப் போயிருந்தேன். கல்லைத் தேய்த்துக்கொண்டு வந்த குஷூ கால் வழுக்கி விழுந்தார். கைகளில் துடைப்பம் இருந்ததால் ஊன்ற முடியவில்லை. முகம் நேராகப் பனியில் மோதியது. நான் மகளின் கண்ணை மூடினேன், ஆனால் அவள் என் விரல் இடுக்கால் சிவப்பைப் பார்த்துவிட்டாள். அவரை மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். கண்ணுக்கு மேலே தையல் போட்டுக்கொண்டு, அந்த ஆட்டம் முடிவதற்கு முன்பே மனிதர் திரும்பி வந்து ஆடினார். அரங்கம் எழுந்து கைதட்டியது. எனக்குக் கைதட்ட வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டியவர் என்றே பட்டது.

பிள்ளைகளை கர்லிங்குக்கு அனுப்ப நினைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு இதைச் சொல்ல வேண்டியது என் கடமை. பனிச்சறுக்குக்கு வாங்கிய தலைக்கவசம் இதற்கும் போதும், தயவுசெய்து அணிவியுங்கள், மற்றப் பிள்ளைகள் அணியவில்லை என்று பார்க்காதீர்கள். பெரியவர்களும் அணியலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு பாதணியின் அடி வழுக்கும், மற்றது பிடிக்கும். பனியில் ஏறும்போது பிடிக்கும் காலையே முதலில் வைக்கப் பழக்குங்கள். கல் ஏறத்தாழ 20 கிலோ. அதைத் தூக்கிப் பார்க்கும் ஆசை ஆண்பிள்ளைகளுக்கு வரும், விடாதீர்கள். வெளியில் போட்டு நடந்த பாதணியோடு பனியில் ஏறவே கூடாது, ஏனென்றால் ஒரு மணல் துகள் போதும் கல்லின் போக்கை மாற்ற. பின்னோக்கி நடக்க வேண்டாம். விழப்போகிறோம் என்று தெரிந்தால் நாடியை (மோவாயை) நெஞ்சோடு ஒட்ட வைக்கச் சொல்லிக்கொடுங்கள். பின்மண்டை அடிபடாமல் இருக்க அதுதான் வழி. இழுத்தால் நீளும் காற்சட்டையே போடுங்கள், ஜீன்ஸ் வேண்டாம். மெல்லிய இரண்டு மேலுடுப்புகள் ஒரு தடித்த அங்கியைவிட நல்லது, தேய்க்கத் தொடங்கினால் வியர்க்கும். பயிற்சிக்குப் போகுமுன் வயிறு முட்டச் சாப்பிடக் கொடுக்காதீர்கள், கல்லை விடும்போது ஏறக்குறைய தரையோடு படுக்க வேண்டியிருக்கும்.

கல்கரியான் எழுதியது:

ஓசவா அக்காவுக்கு வணக்கம். உங்கள் அனுபவம் பத்து வரி, அறிவுரை அதைவிடப் பெரிது, அதை யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. ஆனாலும் தலைக்கவசத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான்.

நான் மறுக்க வந்தது மதுரைக்காரரை. மைக் ஆடமை யாரும் தூக்கி எறியவில்லை. ஹோவர்டுக்கு வழிவிட்டு அவரே மாற்று வீரராக இருக்கச் சம்மதித்தார், டூரினில் அவருக்கும் தங்கம் கிடைத்தது. ஹோவர்ட் 1987இலும் 1993இலும் உலகப் பட்டம் வென்றவர். இருபது சொச்ச வயதுப் பையன்களின் அணிக்குப் பனியின் போக்கைப் படித்துச் சொல்ல அப்படி ஒரு கிழவர் தேவைப்பட்டார். கடைசிக் கற்களைக் குஷூ விட, எங்கே விடுவது என்பதை ஹோவர்ட் மறுமுனையில் நின்று காட்டினார். ஸ்கிப், அதாவது அணித்தலைவர், என்று பெயர் வாங்கிய ஒரு இளைஞன் அந்த அதிகாரத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஆடியதை ஏன் யாரும் பேசுவதில்லை? பயிற்றுநர் டோபி மக்டொனால்ட் யார் தெரியுமா? முதல் பதிவில் சொன்ன 1976 மக்டஃப் அணியில் ஆடியவர். ஆகவே வெளியாட்களை வைத்து வாங்கிய பதக்கம் என்ற பேச்சு எனக்கு ஏற்புடையது அல்ல. ஆடமுக்கு உள்ளே வலித்திருக்காதா என்று கேட்டால், வலித்திருக்கும்.

என் அனுபவம் சிறியது. 2022 மார்ச்சில் கல்கரியிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு லெத்பிரிட்ஜுக்குப் பிரையர் இறுதியாட்டம் பார்க்கப் போனேன். நாங்கள் அல்பேர்ட்டாக்காரர்கள் என்பதால் என் கட்சி கோவின் கட்சி. கோவிட் தொற்றால் குஷூ அணியின் மார்க் நிக்கல்ஸ் ஆட முடியவில்லை. குஷூவின் பக்கம் மூன்றே பேர். நாலு பேர் ஆளுக்கு இரண்டு கல் விட வேண்டிய எண்டில் முதல் இருவரும் மூன்று மூன்று கல், ஸ்கிப்புக்கு இரண்டு. இருவர் தேய்க்க வேண்டிய இடத்தில் பல தடவை ஒருவரே தேய்த்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தது வோக்கரின் தோளை. எண்டுக்கு எண்டு அது தாழ்ந்துகொண்டே போனது. பத்து எண்டில் முடியாமல் பதினொன்றாவதற்குப் போனது. 9-8 என்று அந்த மூவரும் வென்றார்கள். திரும்பும் வழியெல்லாம் என் மனைவி நாலு பேர் மூன்று பேரிடம் தோற்றதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், எனக்கு மறுமொழி இருக்கவில்லை.

ஒட்டாவாத் தம்பி எழுதியது:

எல்லோரும் பிரையரையே பேசுகிறீர்கள். ஆறு பிரையர் வென்றார், ஸ்கிப்பாக வேறு எவரும் அத்தனை வென்றதில்லை, மறுக்கவில்லை. உலகப் போட்டியில் 2017 எட்மண்டனில் 13 ஆட்டத்தையும் வென்று தங்கம் எடுத்ததோடு சரி. 2018, 2022, 2023, 2024 நான்கிலும் வெள்ளி. அதில் மூன்று தடவை சுவீடனின் நிக்லஸ் எடினிடம், ஒரு தடவை ஸ்காட்லாந்தின் புரூஸ் மௌவட்டிடம். அந்த ஒரு தடவையை நான் 2023இல் ஒட்டாவாவில் நேரில் பார்த்தேன். 9-3. இந்த விளையாட்டில் கடைசி வரை அடிவாங்க வேண்டியதில்லை. போதும் என்று பட்டால் தோல்வியை ஒப்புக்கொண்டு எதிரணிக்குக் கையைக் கொடுத்துவிட்டுப் போகலாம். நான் கல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது நீட்டுவார் என்று. நீட்டியபோது முகத்தில் ஒன்றும் இல்லை. கல்கரி அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனால் அந்தக் கையையும் எழுதினால்தான் அவருடைய கதை எழுதியதாகும்.

ஸ்கார்பரோ மகள் எழுதியது:

எனக்கு கர்லிங் தெரியாது. எங்கள் வீட்டில் அதற்குத் தும்புத்தடி விளையாட்டு என்று பெயர். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர் கஸ் டால்டன் கண்டுபிடித்தாரே, அவர்களில் ஒருவர் என் அப்பா. செயின்ட் ஜான்ஸில் அவர் இருந்தது சில நாட்கள்தான். பிறகு ரொறன்ரோ வந்தவர் திரும்பிப் போனதே இல்லை. ஆனாலும் அந்த மாகாணத்தின் பெயர் தொலைக்காட்சியில் கேட்டால் செய்கிற வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்.

முதல் பதிவில் சொன்ன அந்த 2017 இரவு அவர் இருந்து முழுவதையும் பார்த்தார். கையை விட்டுப் போன கல்லைப் பார்த்து ஏன் பிள்ளை கத்துகிறான், கல்லுக்குக் காது கேட்குமா என்று என்னிடம் கேட்டார். கல்லுக்கு அல்ல, தேய்ப்பவர்களுக்கு என்று கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன். இடையில் ஒரு தடவை துறைமுகத்தையும் அதன் வாயிலில் உள்ள குன்றையும் திரையில் காட்டியிருக்கிறார்கள். அப்பா எழும்பிப் போய்த் திரையில் விரலை வைத்து, கப்பலில் எங்களைக் கொண்டுவந்து இறக்கியது இந்த இடத்தில்தான் என்றார். நான் நிமிர்ந்து பார்த்தபோது அவருடைய விரலுக்குக் கீழே ஏதோ வாகன விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

கிழக்குக்கரையான் எழுதியது:

தங்கச்சி, அந்தக் குன்றைச் சிக்னல் ஹில் என்பார்கள், அரங்கிலிருந்து நடந்தே போய்விடலாம். 2026 பிரையர் இதே ஊரில், இதே அரங்கில்தான் நடக்கிறது. பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிவிட்டார்கள். அப்பாவுக்கு நடக்க முடியுமென்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள், எங்கள் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. நான் இம்முறை நுழைவுச்சீட்டை முதல் நாளே வாங்கிவிட்டேன், கம்பித் தடுப்பை ஒட்டிய வரிசையில், முன்னால் ஆசனமே இல்லாத இடத்தில்.