திருமணிமுத்தாற்றுத் தண்ணீரை எதை வைத்துச் சோதிப்பது?

கரைக்காரன்:
சேலத்தில் உத்தமசோழபுரம் பக்கம் தோட்டம். மழை பெய்தால் ஆற்றில் நுரை பொங்குவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். டிடிஎஸ் மீட்டர் வாங்கி விட்டுப் பார்த்தேன், கூத்து என்னவென்றால் நுரை தள்ளுகிற நாளில்தான் எண் குறைவாகக் காட்டுகிறது. அப்போ தண்ணீர் நல்லதா? ஊர்ப் பசங்க ஆகாயத்தாமரையை அள்ளலாம் என்கிறார்கள். அதற்கு முன்னால் எதை அளக்கணும், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சோதனைக்குழாய்:
அந்த மீட்டர் தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்துக் கரைந்த உப்பைக் கணக்குப் போடும், அவ்வளவுதான். மழைத்தண்ணீர் கலந்தால் உப்பு நீர்த்துவிடும், எண் இறங்கும். சாக்கடையில் அழுகுகிற கழிவும் கிருமியும் அதற்குத் தெரியாது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள், உப்பு மிகுந்த சாயப்பட்டறைத் தண்ணீர் எந்த ஓடை வழியாக இறங்குகிறது என்று பிடிக்க அது போதும்.

உங்களுக்கு வேண்டியது கரைந்த ஆக்சிஜனும் பி.ஓ.டி.யும். பி.ஓ.டி. என்றால் தண்ணீரில் உள்ள கழிவைத் தின்ன நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்கிற ஆக்சிஜன் அளவு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கணக்குப்படி குளிக்கிற தண்ணீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது, பி.ஓ.டி. 3-ஐத் தாண்டக்கூடாது. விடிவதற்கு முன்னால் அளந்துவிடுங்கள். பகலில் பாசி ஆக்சிஜன் விடுவதால் மோசமான தண்ணீரும் மத்தியானம் நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும்.

ஏற்காட்டு மிளகு:
காசே இல்லாத சோதனை ஒன்று இருக்கு அண்ணா. கல்லைப் புரட்டுங்கள். எங்கள் மலையில் நல்ல ஓடைக் கல்லுக்கடியில் வால் மூன்றாகப் பிரிந்த ஈசல் மாதிரிப் பூச்சியின் குஞ்சு ஒட்டியிருக்கும். ஆக்சிஜன் செத்த சேற்றில் சிவப்புப் புழு மாதிரி சிலதுதான் தாக்குப்பிடிக்கும், அந்தப் புழு உடம்பில் நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் இருக்கு. அதற்காக மலைத்தண்ணீர் எல்லாம் சுத்தம் என்று நினைக்காதீர்கள், காப்பிப் பழத்தின் தோல் உரித்த தண்ணீரை ஓடையில் விட்டால் பி.ஓ.டி. எகிறிவிடும்.

பழைய சேலத்தான்:
ஆகாயத்தாமரையை அள்ளுவது வீண் வேலை என்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சாக்கடையில் வருகிற நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான் அதற்கு உரம், வரத்து நிற்காதவரை திரும்ப மண்டிவிடும். இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் கட்டிவிட்டு ஆற்றை மீட்டோம் என்பதும் அதே கதைதான். கோடையில் மலையிலிருந்து வரத்து நின்ற பிறகு நகரத்துக்குள் ஓடுவதே பெரும்பாலும் சாக்கடைதான், அதைச் சுத்திகரித்து விட்டால் அதுதான் ஆறு. லண்டன் தேம்ஸில் உயிரே இல்லை என்று 1957-ல் சொன்னார்கள், பிறகு மீன் திரும்பியதற்கு முக்கியக் காரணம் சாக்கடைச் சுத்திகரிப்பு. பசங்களை ஆற்றோரம் நடக்கவிட்டு எந்தெந்த வாய்க்கால் எங்கே விழுகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். வீட்டுச் சாக்கடையா, சாயமா, குச்சிக்கிழங்கு அரைக்கிற சேகோ ஆலைத் தண்ணீரா என்று தனித்தனியாக. அகலம், ஆழம், மிதக்கவிட்ட காய் போகிற வேகம் மூன்றையும் பெருக்கினால் எவ்வளவு ஓடுகிறது என்பது தோராயமாகக் கிடைக்கும். பி.ஓ.டி. எண்ணை அதோடு பெருக்கினால்தான் யார் அதிகம் கெடுக்கிறார் என்று தெரியும், எண்ணை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள்.

கரைக்காரன்:
சரிங்க. பி.ஓ.டி.க்குத் தண்ணீரை வாட்டர் பாட்டிலில் பிடித்துக் கொடுக்கலாமா?

சோதனைக்குழாய்:
பிடிக்கலாம், காற்றுக்குமிழி இல்லாமல் வாய்வரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே லேபில் கொடுங்கள். முடிவு வர 27 டிகிரியில் மூன்று நாள் வைக்கணும். ஆக்சிஜனுக்கு மட்டும் அது ஆகாது, கண்ணாடி மூடி போட்ட 300 மில்லி பாட்டிலில் ஆற்றங்கரையிலேயே ஆக்சிஜனை நிலைநிறுத்துகிற மருந்து ஊற்றணும்.