எழுதிக் கொடுத்த பிறகுதான் வகுப்பு கீழே வந்தது

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தாய்:

என் மகளுக்கு மூளை முடக்குவாதம். நடமாட்டம் சக்கர நாற்காலியில், படிப்பில் கெட்டிக்காரி. ஆறாம் வகுப்பு மாடிக்குப் போனதும் தலைமையாசிரியர் என்னை அழைத்தார். "பிள்ளையை ஏன் அம்மா சிரமப்படுத்துகிறீர்கள்? வீட்டில் வைத்தே சொல்லிக்கொடுங்கள். தேர்வுக்கு மட்டும் அழைத்து வாருங்கள். வருகைப்பதிவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். கனிவாகத்தான் சொன்னார். அந்தக் கனிவுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. படிக்க வந்த பிள்ளையை வாசலோடு அனுப்பிவிட்டு, என்ன இரக்கம் வேண்டிக் கிடக்கிறது?

கல்வித் துறையின் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியைதான் வழி காட்டினார். "வாயால் கேட்டால் வாயாலேயே பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள் அக்கா, எழுதிக் கொடுங்கள்" என்றார். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 16ஆம் பிரிவை எனக்குப் படித்துக் காட்டினார். அரசு நிதி பெறும் பள்ளிகள் மட்டுமல்ல, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளும் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும். கட்டடமும் வளாகமும் பிள்ளை புழங்கும்படி இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குத் தேவையான ஏற்பாட்டைச் செய்துதர வேண்டும். 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம் என்கிறது 31ஆம் பிரிவு. எந்தப் பள்ளி என்பது நம் விருப்பம். பாளையங்கோட்டையில் நூறாண்டு கடந்த சிறப்புப் பள்ளிகள் இருக்கின்றன, மதிப்புக்குரியவை. ஆனால் என் மகளுக்கு அவளுடைய தோழிகள் படிக்கும் பள்ளிதான் வேண்டும்.

மனுவில் அழுகையை எழுதவில்லை. எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார், அது எந்தப் பிரிவுக்கு மாறானது என்று எழுதினேன். கீழ்த்தளத்தில் வகுப்பு, சாய்தளம், நாற்காலி நுழையும் கழிப்பறை என மூன்று கோரிக்கைகளையும் தனித்தனி வரியில் வைத்தேன். மகளின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலை இணைத்தேன். பள்ளியில் வாங்க மறுத்தார்கள். அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குத் திருநெல்வேலி கொக்கிரகுளம் போனேன். ஆட்சியர் அலுவலகத்தில் மனுவைப் பதிவு செய்து எண் போட்ட சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். பிறகு எந்த மேசைக்குப் போனாலும் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள்.

மனு கல்வித் துறைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் போனது. விசாரணைக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் பள்ளியில் அவசர அவசரமாக ஒரு சாய்தளம் பூசினார்கள். ஒன்றரை அடித் திண்ணைக்கு நாலடி நீளச் சரிவு! பின்னாலிருந்து நான் தள்ளினால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. மகள் இரு கைகளாலும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வந்த அதிகாரி அதைக் கண்ணால் பார்த்தார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது விதி. அப்படியானால் இங்கே பதினெட்டு அடி வேண்டும். இடித்துவிட்டுக் கைப்பிடியோடு மறுபடி கட்டினார்கள். வகுப்பும் கீழே வந்தது.

கழிப்பறை இன்னும் வரவில்லை. பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு வருகிறாள். பெற்றவளுக்கு இது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு அனுப்பியிருக்கிறேன். ஆட்களை அழைத்து விசாரிக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரத்தை அதே சட்டத்தின் 82ஆம் பிரிவு அவருக்குக் கொடுத்திருக்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தந்தை:

தங்கச்சி, உங்கள் மகள் நன்றாக வருவாள். என் மகனுக்குக் கற்றல் குறைபாடு. எழுத்துகள் இடம் மாறிவிடும். வாயால் கேட்டால் பாடத்தை மளமளவென்று சொல்வான். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்டு, மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்தோம். தேர்ச்சி விகிதத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்று பள்ளி மேலே அனுப்பாமலே வைத்திருந்தது. கூடுதல் நேரமும் எழுதுபவரும் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவிலேயே இருக்கின்றன. "அனுப்ப முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்" என்று கடிதம் கொடுத்து, நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கும் அனுப்பினேன். காரணம் எழுதித் தர யாரும் முன்வரவில்லை. விண்ணப்பம் உடனே போனது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் பள்ளி திறந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள். அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்பார்கள், கேட்காதீர்கள்.