பூனைக்கு வலிக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மாடிவீட்டுக்காரி:
எங்கள் ஆண் பூனைக்கு வயது 8. கத்தவில்லை, நொண்டவில்லை, ஆனால் கொஞ்ச நாளாக ஜன்னல் திட்டில் ஏறாமல் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறான், தொட்டால் சீறுகிறான். வலியாக இருக்குமா?

கருவாச்சி:
இருக்கலாம். பூனை வலியை மறைக்கும், கத்தட்டும் என்று காத்திருக்காதீர்கள். மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று உண்டு: காது, கண், மூக்கு-வாய்ப் பகுதி, மீசை, தலை ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். காது விலகி வெளிப்பக்கம் திரும்புவது, கண்ணை இடுக்குவது, மீசை விறைத்து முன்னால் நீள்வது, தலை தோளுக்குக் கீழே தொங்குவது, இதெல்லாம் வலிதான். 10-க்கு 4 வந்தாலே வலிமருந்து தேவைப்படலாம். தூங்கும்போது பார்க்காதீர்கள், விழித்துச் சும்மா இருக்கும்போது பாருங்கள்.

தெருப்பூனை:
முதலில் சொல்லுங்கள், சிறுநீர் போகிறானா? மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் வரவில்லை என்றால் அடைப்பு. ராத்திரியானாலும் டாக்டரிடம் ஓடுங்கள், ஓரிரு நாளில் உயிரே போய்விடும். அப்புறம், தயவுசெய்து பாராசிட்டமால் வேண்டாம், அரை மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும்.

மாடிவீட்டுக்காரி:
சிறுநீர் நன்றாகப் போகிறது. மடியில் வந்தால் குர்ர் என்கிறானே?

கருவாச்சி:
வலியிலும் குர்ர் என்னும், அதை நம்பாதீர்கள். இந்த வயதில் மூட்டுவலி சகஜம். அவன் நடப்பதையும் ஏறத் தயங்குவதையும் மொபைலில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், ஆஸ்பத்திரி மேஜையில் பயத்தில் எதையும் காட்டமாட்டான்.