1993–96 டபிள்யூ.டபிள்யூ.எஃப் (அமெரிக்க மல்யுத்த ஷோ கம்பெனி): கம்பெனியைத் தாங்கினது யாரு?

பேட்டை ரசிகன்: பெரிய நட்சத்திரம் ஹோகன் போயி, அடுத்த நட்சத்திரம் ஆஸ்டின் எழும்புததுக்கு முன்னால உள்ள மந்தமான காலம். என் ஓட்டு டீசல்ங்கிற மல்லனுக்கு. 358 நாள் சாம்பியன் பெல்ட் வச்சிருந்தாரு.

பாளை அண்ணாச்சி: இல்லவே, பிரெட் ஹார்ட்தான். 1993 கிங் ஆஃப் த ரிங் நாக்அவுட் போட்டியப் பாரும். ஒரே ராத்திரில ரேசர் ரமோன், மிஸ்டர் பெர்ஃபெக்ட், பாம் பாம் பிகலோ, மூணு பேரையும் ஜெயிச்சாரு. பெர்ஃபெக்ட் போட்ட ஸ்மால் பேக்கேஜையே (ஆளச் சுருட்டி அமுக்குத பிடி) திருப்பிப் பின் பண்ணாரு, அதாவது தோளத் தரையில அமுக்கி ஜெயிச்சாரு. பிகலோவத் தோள்ல ஏறி விக்டரி ரோல்ங்கிற உருட்டுப் பிடில கவுத்தாரு. தன்னோட பேர்போன கால் பிடியான ஷார்ப்ஷூட்டர்ல முடிக்காமலே ஜெயிச்சாரு! எதிராளி உடம்புக்கு ஏத்தமாரி முடிவ மாத்துத கைவேலை அது.

தென்காசிக்காரன்: டீசலுக்கு எதிராளி அமையணும். பிரெட், ஷான் மைக்கேல்ஸ்கூட நல்லாருக்கும். 1995 சம்மர்ஸ்லாம் ஷோல மேபல்கூட ரெண்டு கனத்த ஆளும் மெதுவா நகந்து, மெயின் ஈவென்ட் (முக்கிய மேட்ச்) படுத்துட்டு.

பேட்டை ரசிகன்: அப்போ ஷான்?

பாளை அண்ணாச்சி: ரெண்டாமிடம். ரெசில்மேனியா 10 ஷோல அவரோட ஏணி மேட்ச் (ஏணில ஏறி மேல தொங்குத பெல்ட்ட எடுக்குத மேட்ச்) அருமை. ஆனா உலக பெல்ட் கைக்கு வந்ததே 1996 மார்ச்லதான்.