எண்ணூர் 2050-ஐச் சுவரில் வரைவது எப்படி?

கழிமுகத்தான்:
வடசென்னை எண்ணூரில், எர்ணாவூர்ப் பக்கம் ஒரு சமுதாயக் கூடத்தின் வெளிச்சுவர். 24 அடி நீளம், 9 அடி உயரம். அதில் '2050, 2100-இல் நம்ம கழிமுகம்' என்று ஓவியம் வரையப்போகிறோம். கடல் எவ்வளவு உயரும் என்பதை நிஜ உயரத்திலேயே சுவரில் காட்ட ஆசை. எந்த எண்ணை எடுப்பது, எங்கே கோடு போடுவது? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கறை சுவரில் இன்னும் இருக்கிறது. அதன்மேல் பெயின்ட் நிற்குமா? அப்புறம், எதைத்தான் வரைவது? பறக்கும் காரும் கண்ணாடிக் கோபுரமும் வேண்டாம் என்பது மட்டும் முடிவாகிவிட்டது.

மட்டக்கோல்:
ஒற்றைக் கோடு போடாதீங்க தோழர், பட்டையா போடுங்க. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கையின் உலக சராசரிப்படி, 1995–2014 மட்டத்திலிருந்து 2050-க்குள் 15 முதல் 29 செ.மீ. புகையைக் குறைத்தாலும் குறைக்காவிட்டாலும் அதுவரை பெரிய வித்தியாசம் இல்லை. 2100-இல்தான் பாதை பிரிகிறது: மிகக் குறைந்த புகை உமிழ்வில் 28–55, மிக அதிக உமிழ்வில் 63–101 செ.மீ. 2050-க்கு ஒரு பட்டை, 2100-க்கு இரண்டு நிறத்தில் இரண்டு பட்டை. இந்தப் பிரிவுதான் ஓவியத்தின் உயிர். எது வரும் என்பது இன்னும் முடிவாகவில்லை என்று பார்ப்பவருக்குப் புரியணும்.

பட்டையைத் தரையிலிருந்து அளந்து போட்டால் அது பொய்யாகிவிடும். கடல் மட்டம் தரைக்குக் கீழே இருக்கிறது. எவ்வளவு கீழே என்று செல்போனைக் கேட்காதீங்க, பல மீட்டர் பிசகும். மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் மழைநீர் வடிகால் வரைபடம் கேளுங்க, அதில் கடல் மட்டத்திலிருந்து சாலை எவ்வளவு உயரம் என்று எழுதியிருக்கலாம். அங்கிருந்து கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப்) சுவருக்குக் கொண்டுவாங்க. டியூபுக்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் மட்டம் தப்பாகக் காட்டும். பாதி டியூப் வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தாலும் அப்படித்தான். இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்க.

தரை கடலைவிட ஒன்றரை மீட்டர் மேலே என்று வந்தால், 2100 பட்டைகூட மண்ணுக்குள்தான் போகும். அப்போது 2023 வெள்ளம் சுவரில் விட்டுப்போன கறைக் கோட்டை அடிப்படையாக வையுங்க. கடல் உயர்ந்திருக்கும்போது கொசஸ்தலை ஆற்று நீரும் பக்கிங்ஹாம் கால்வாய் நீரும் முகத்துவாரத்தில் வடியாமல் தேங்கும். நம்ம தெருவுக்கு ஆபத்து அந்த வழியாகத்தான். ஆனால் கடல் 20 செ.மீ. ஏறினால் வெள்ளமும் சரியாக 20 ஏறும் என்று எழுதாதீங்க. முகத்துவாரத்தை ஒட்டி அதற்கு நெருக்கமாக ஏறலாம், உள்ளே போகப்போகக் குறையும்.

சுவரோவியன்:
கறையை மறைக்காதீங்க! அந்தத் தெருவில் இருக்கும் ஒரே நிஜ அளவுகோல் அதுதான். அதற்கு மேலேயும் கீழேயும் டேப் ஒட்டி அப்படியே விட்டுவிடுங்க, மட்டக்கோல் சொன்ன பட்டைகள் அதற்கு மேலே ஏறட்டும். கட்டாயம் மூட வேண்டிய இடத்தில் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் ஆயில் பிரைமர் அடிங்க. வாட்டர் பிரைமர் அடித்தால் எண்ணெய் ஊடுருவி மஞ்சளாகத் திரும்ப வரும்.

அதைவிடப் பெரிய எதிரி உப்பு. இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் வியர்த்தால் சுவர் ஈரம், அதில் எது அடித்தாலும் கொப்புளம் போட்டு உரியும். பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்க. தண்ணீர் விட்டால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். தரையிலிருந்து இரண்டடிக்குச் சுண்ணாம்பு மட்டும் போதும், அது ஈரத்தை வெளியே விடும். மேலே உள்ள 168 சதுர அடிக்கு பிரைமர் 2 லிட்டர், எக்ஸ்டீரியர் எமல்ஷன் வெள்ளை 4 லிட்டர், நிறங்கள் ஒவ்வொன்றும் ஒரு லிட்டர். ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி.

வலைமுடிச்சு:
எதை வரைவது என்பதுதான் கனமான கேள்வி. கடற்கரை மேம்பாட்டுக்கென்று வரும் கணினிப் படங்களைக் கவனியுங்க: புல்தரை, சைக்கிள் பாதை, நீலத் தண்ணீர். ஃபைபர் படகு இருக்காது, வலை காயப்போடும் இடம் இருக்காது, ஐஸ் பெட்டி இருக்காது. படத்தில் இல்லாதவர்களுக்குத் திட்டத்திலும் இடம் இல்லாமல் போகலாம். அதனால் முதலில் படகுத்துறையை வரையுங்க. பிறகு 2050-இன் சாதாரணப் பொருட்கள்: இறால் எடைச்சீட்டு, ரேஷன் அட்டை, பள்ளி நேர அட்டவணை, கரண்ட் பில். வாட்டர் கேன் விலையை எழுதச் சொன்னாலே தெருவில் வாக்குவாதம் கிளம்பும், அந்த வாக்குவாதம் நமக்கு வேண்டும். கையால் இறால் பிடிக்கும் பெண்களிடம், நண்டும் இறாலும் திரும்பி வந்த கழிமுகம் எப்படியிருக்கும் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் இனங்களின் பெயரையே எழுதுங்க. பயமுறுத்தும் படத்தை மட்டும் வைத்தால், 'இங்கிருந்து கிளம்புங்க' என்று சொல்ல வருபவருக்கு அது சாட்சியாகிவிடும்.

கழிமுகத்தான்:
நன்றி தோழர்களே. கட்டம் போட்டுப் பெரிதாக்குவதா, புரொஜெக்டரா?

சுவரோவியன்:
புரொஜெக்டர். த்ரோ (படத்தின் அகலத்தைப்போல எத்தனை மடங்கு தள்ளி வைக்கணும் என்ற கணக்கு) 1.5 என்று போட்டிருந்தால் 3 மீட்டர் அகலப் படத்துக்கு 4.5 மீட்டர் தள்ளி வைக்கணும். சுவர் 7.3 மீட்டர் என்பதால் மூன்று துண்டாகப் பிரித்து, அடுத்தடுத்த துண்டுகள் சேரும் ஓரத்தில் ஓர் அடி ஒன்றன்மேல் ஒன்று விழும்படி காட்டுங்க. 3000 லூமென்ஸ் வெளிச்சம் போதும், தெருவிளக்கு நேராக அடிக்காத பக்கமாகப் பாருங்க. இரண்டு இரவு சும்மா காட்டி, ஊர் சொல்லும் திருத்தத்தையெல்லாம் செய்துவிட்டு மூன்றாம் இரவு சாக்பீஸால் கோடு எடுங்க. பட்டைகளை மட்டும் புரொஜெக்டரை நம்பிப் போடாதீங்க, படம் ஓரத்தில் சரியும். அதற்கு டியூப் லெவலும் நூலும்தான். வேலையை பிப்ரவரி, மார்ச்சில் வையுங்க. வடகிழக்குப் பருவமழை ஈரம் அதற்குள் இறங்கியிருக்கும்.