வீட்டிலிருந்து கோடிங் செய்பவர்களே, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள் (நெல்லை, தென்காசி, தூத்துக்குடி)

பேட்டை டெர்மினல்

என்னுடையது ஆச்சி விஷயம். அலுமினிய உடம்பு லேப்டாப், சார்ஜில் கிடந்தது. ஆச்சி தார்சாவைக் கழுவிவிட்டு ஈரக்காலோடு பட்டாசலுக்கு, அதாவது கூடத்துக்கு, வந்து மேசையைத் துடைத்தாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். “ஏல, இது கடிக்கில்லா!”

நான் தொட்டேன், ஒன்றும் இல்லை. அப்பா தொட்டார், ஒன்றும் இல்லை. இரண்டு பேர் காலிலும் ரப்பர் செருப்பு. “வயசாயிட்டுல்லா, நரம்புத் தளர்ச்சியா இருக்கும்” என்று அப்பா தீர்ப்புச் சொல்லி, டாக்டரிடம் கூட்டிப் போய் சத்து மாத்திரையும் வாங்கிக் கொடுத்தார். எனக்கு ஆறாதது இதுதான். அந்த மாத்திரையை ஆச்சி ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

அப்புறம் மோட்டார் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி பேச்சுவாக்கில் டெஸ்டரை லேப்டாப் மூடியில் வைத்தார். மினுக்கென்று எரிந்தது. பிளக் பாயிண்டைக் கழற்றினால் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த் வயரே இல்லை. தாத்தா காலத்து வயரிங். ஓட்டை மூன்று, கம்பி இரண்டு. “நான் அப்பவே சொன்னேம்லா” என்று உள்ளிருந்து குரல் வந்தது. எர்த் போட்ட பிறகும் ஆச்சி அந்த மேசையை மட்டும் துடைப்பதில்லை.

உங்களுடையதைச் சொல்லுங்கள்.

அம்பை ஃபேஸ்

தம்பி, அது ஷாக் இல்லை, லீக்கேஜ். சார்ஜருக்குள் மின் இரைச்சலை அடக்க ஒரு கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். அதன் வழியாக மிகக் கொஞ்சம் மின்சாரம் லேப்டாப் உடம்புக்கு வரும். எர்த் இருந்தால் பேசாமல் மண்ணுக்குப் போய்விடும், இல்லையென்றால் தொடுகிற ஆளின் வழியாகப் போகும். கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டில் எச்டிஎம்ஐ வயரைச் செருகும்போது எனக்கு முழங்கை வரை சுரீரென்றது. என் கதை அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சிலர் எர்த் கம்பி இழுக்கச் சோம்பல்பட்டு, பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுவார்கள். டெஸ்டர் எரியாது, கடிக்காது, காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். என்றைக்காவது நியூட்ரல் எங்கேயாவது அறுந்தால் கம்ப்யூட்டர் கேபினட் முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். அதற்கு எர்த் இல்லாமலே இருந்துவிடலாம். பக்கத்தில் நின்று பாருங்கள், கம்பி வெளியே எர்த் குழி வரைக்கும் போகிறதா என்று. குழியில் கரியும் உப்பும் போட்டு மூடுவது ஈரம் நிற்பதற்காக. சித்திரை, வைகாசியில் மண் காய்ந்துவிடும், அப்போது குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். திசையன்விளை, உடன்குடிப் பக்கம் தேரி மண் என்றால் தண்ணீர் தங்காது, இன்னும் ஆழமாகப் போக வேண்டும். மெயின் போர்டில், மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போடுங்கள். அதில் டெஸ்ட் பட்டன் என்று ஒன்று இருக்கும். அலங்காரத்துக்கு வைத்ததில்லை, அவ்வப்போது அமுக்கிப் பார்க்க வேண்டும். அப்புறம் மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றுகிற அந்தச் சின்ன வெள்ளை அடாப்டர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே குப்பையில் போடுங்கள்.

டவுன் வாசி

எனக்கு இன்வெர்ட்டர். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாள். பேட்டரி புதுசு, டிஸ்டில்டு வாட்டர் எல்லாம் சரி. கிளையண்டுக்கு டெமோ, திரையைப் பகிர்ந்திருக்கிறேன், கோடு மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட் மென்பொருளில் கமிட் (பதிவு) செய்து முடித்த கையோடு கரண்ட் போனது. ஃபேன் சுற்றுகிறது. லைட் எரிகிறது. வைஃபை இருக்கிறது. என் டெஸ்க்டாப் மட்டும் கறுப்பு. அந்தக் காட்சிதான் இன்னும் கண்ணில் நிற்கிறது, வீடே வெளிச்சமாக இருக்கும்போது நான் மட்டும் இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

காரணம் இன்வெர்ட்டருக்குப் பின்னால் ஒரு சுவிட்ச். யுபிஎஸ் என்று ஒரு பக்கம், நார்மல் என்று ஒரு பக்கம். யுபிஎஸ் பக்கம் இருந்தால் கம்ப்யூட்டர் கவனிப்பதற்குள் பேட்டரிக்கு மாறிவிடும். நார்மலில் மாற இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும், ஃபேனுக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். அம்மாவிடம் கேட்டால், “சாயந்தரம் வோல்டேஜ் இறங்கும்போதெல்லாம் அது கீ கீன்னு கத்திட்டே கிடந்துச்சு. பேட்டரிக்குத் தண்ணி ஊத்த வந்த தம்பி பின்னாடி எதையோ தட்டிட்டுப் போனான், இப்ப சத்தமே இல்ல” என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள்.

திரும்ப ஆன் செய்தால் கிட் திறக்க மறுக்கிறது. ஆப்ஜெக்ட் ஃபைல் காலி என்கிறது. கடைசியாக எழுதியது நினைவகத்திலேயே நின்றுவிட்டது, டிஸ்குக்கு இறங்கவில்லை. காலியான ஃபைல்களை அழித்து, சர்வரில் இருந்ததைத் திரும்ப இழுத்து, ராத்திரி ஆகிவிட்டது. 2022-இல் வந்த கிட் 2.36-இலிருந்து ‘கோர்.எஃப்சிங்க்’ என்ற அமைப்பு இருக்கிறது, எதையெல்லாம் உடனே டிஸ்குக்கு இறக்க வேண்டும் என்று நாமே சொல்லலாம். நான் கமிட்டையும் சேர்த்துவிட்டேன். சுவிட்ச் மேல் செல்லோடேப்பும் ஒட்டியிருக்கிறேன்.

கேடிசி நகர்

இதுக்குத்தான் டெஸ்க்டாப்பே வேண்டாம் என்பது. லேப்டாப் வாங்கினால் உள்ளேயே பேட்டரி. முடிந்தது கதை. இவ்வளவு பெரிய புலம்பல் தேவையில்லை.

பாளை ஜன்னலோரம்

@கேடிசி நகர், கதை அங்கேதான் தொடங்குகிறது. என் லேப்டாப்பில் டச்பேட் கிளிக் ஆகாமல் போனது. டிரைவரை நீக்கினேன், போட்டேன், லினக்ஸ் கர்னலைப் பழையதாக்கினேன், புதியதாக்கினேன், யாரோ சொன்னார்கள் என்று பயாஸ் வரை போனேன். வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்காரர் ஒன்றுமே கேட்கவில்லை. லேப்டாப்பை மூடி கண்ணாடி மேசையில் வைத்து விரலால் ஒரு தட்டு தட்டினார். பம்பரம் மாதிரி சுற்றியது! அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் சுற்றுமா? உள்ளே பேட்டரி உப்பி டச்பேடைக் கீழிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறது. “இத மடியில வெச்சா வேல பாத்திய?” என்று கேட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள். அந்தப் பார்வையைத்தான் மறக்க முடியவில்லை.

பாளையங்கோட்டை மே மாதச் சூடு, நாள் முழுக்க சார்ஜர் செருகியே நூறு சதவீதத்தில் நிற்கிறது, உப்பாமல் என்ன செய்யும். இப்போது பெரும்பாலான லேப்டாப்பில் எண்பதோடு நிறுத்துகிற வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு அப்புறம் டவுன் வாசியைக் கிண்டல் பண்ணுங்கள்.

வள்ளியூர் மருமகள்

இங்கே எல்லாம் கரண்ட் கதையாக இருக்கிறது. என்னுடையது சத்தம்.

கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை. மேசை பட்டாசலில், வேறு இடம் இல்லை. அரங்குக்குள், அதாவது உள்ளறைக்குள், போட்டுப் பார்த்தோம், அந்தச் சுவருக்குள் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் புது வெர்ஷன் ஏற்றிவிட்டு லாக் (சர்வர் எழுதுகிற பதிவு) ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏதாவது சிவப்பாக வந்தால் உடனே பழையதுக்குத் திருப்ப வேண்டும், கண்ணை எடுக்க முடியாது. அத்தை பின்னால் வந்து கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு மாமாவிடம், “அவ சும்மாத்தான் பாத்துட்டு இருக்கா, ரேசனுக்கு அவ போயிட்டு வரட்டும்” என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் தெரிந்திருக்கிறது. கை அசைந்தால் வேலை, அசையாவிட்டால் சும்மா. அன்றைக்கு நான் எழுந்து போகவில்லை, பதிலும் சொல்லவில்லை. அந்த ‘சும்மா’ மட்டும் உள்ளேயே கிடக்கிறது.

அடுத்த சம்பளத்தில் மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினேன். எல்லாரும் பட்டனுக்கு அடியில் பிரவுன் ஸ்விட்ச் இருக்கிறதை வாங்கு, ரெட் வாங்கு, அமைதியாக இருக்கும் என்றார்கள். நான் தேடித்தேடி புளூ வாங்கினேன், ஒவ்வொரு தட்டுக்கும் டக் டக் என்று கேட்கும். அடுக்களை வரைக்கும் கேட்கிறது. இப்போது லாக் பார்க்கும்போது ஷிஃப்ட் பட்டனை மட்டும் சும்மா தட்டிக்கொண்டே இருப்பேன். யாரும் ரேசனுக்கு அனுப்புவதில்லை. “மருமவளுக்கு வேல சாஸ்தி” என்று பக்கத்து வீட்டில் அத்தையே சொல்கிறார்கள்.

கேடிசி நகர்

அக்கா, புளூ ஸ்விட்ச் வைத்துக்கொண்டு மீட்டிங்கில் பேசுகிறவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். காதுக்குள் ஆணி அடிக்கிறார்கள். பிரவுன் ஸ்விட்சில் விரலுக்குக் கிட்டத்தட்ட அதே மாதிரி உணர்வு கிடைக்கும், சத்தம் குறைவு. அதற்கும் மேலே ஓ-ரிங் என்ற சின்ன ரப்பர் வளையம் போடலாம். அல்லது அத்தையிடம் உட்கார்ந்து விளக்கிச் சொல்லியிருக்கலாம்.

வள்ளியூர் மருமகள்

மீட்டிங்கில் மைக்கை மியூட்டில் வைப்பேன் தம்பி. விளக்கிச் சொல்கிற வேலையை நீங்கள் வந்து செய்கிறீர்களா? காபி தருகிறேன்.

ஜங்ஷன் மாடி

2023 டிசம்பர் 17, 18. விவரம் சொல்லத் தேவையில்லை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மழை. தாமிரபரணித் தண்ணீர் எங்கள் கீழ்வீட்டுக்குள் வந்துவிட்டது. கம்ப்யூட்டரை மாடிக்கு ஏற்றிவிட்டேன், லேப்டாப்பில் சார்ஜ் முழுதாக இருக்கிறது, பவர்பேங்க் இரண்டு இருக்கிறது. தெருவில் பாதிப்பேர் எங்கள் மாடியில்தான். கரண்ட் இல்லை, எந்த போனிலும் சிக்னல் இல்லை.

எதிர்வீட்டு அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “தம்பி, பாவநாசத்துலயும் மணிமுத்தாறுலயும் எவ்வளவு தொறந்திருக்கான்னு அதுல பாத்துச் சொல்லு.” எல்லாரும் திரும்பி என் மடியைப் பார்த்தார்கள். தண்ணீர் இன்னும் ஏறுமா, இல்லையா, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். என் லேப்டாப்பில் பைத்தான் ஆவணங்கள் முழுக்க ஆஃப்லைனில் இருந்தன. நெட் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து இறக்கி வைத்திருந்தேன். ஊர் வரைபடம்கூட இல்லை. “நெட் இல்ல அண்ணாச்சி” என்றேன். “பொட்டி எரியுதே” என்றார். எரியத்தான் செய்தது.

இப்போது மானிட்டருக்குப் பக்கத்தில் பேட்டரியில் ஓடுகிற ரேடியோ ஒன்று வைத்திருக்கிறேன். டெவலப்பர் மேசையில் இது எதற்கு என்று வீடியோ காலில் கேட்பார்கள். சிரித்துவிட்டு விட்டுவிடுவேன்.

ஐந்தருவி எஸ்எஸ்எச்

எடிட்டர் பற்றி யாருமே பேசவில்லையே, ஆச்சரியம்.

சீசன் நேரம், ஐந்தருவி. நானும், அரிசிக்கடை வைத்திருக்கிற என் பள்ளிக்கூட நண்பனும். எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருக்கிறேன், தலை முதல் கால் வரை. போன் அடிக்கிறது. ஆபீசில் ஒருவர் எங்கள் சைட்டை ஓட்டுகிற என்ஜின்எக்ஸ் சர்வரின் கான்ஃபிக் (அமைப்பு ஃபைல்) மாற்றியிருக்கிறார், ஒரு செமிகோலன் விட்டுப் போயிருக்கிறது, சர்வர் எழும்ப மாட்டேன் என்கிறது, அவர் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறார். என் போனில் எஸ்எஸ்எச் இருக்கிறது, தூரத்திலிருந்தே சர்வருக்குள் நுழையலாம். ஆனால் எண்ணெய் விரலுக்குத் திரை மசியவே இல்லை. துண்டும் எண்ணெய், வேட்டியும் எண்ணெய்.

நண்பன் அப்போதுதான் வந்தவன், கை காய்ந்திருந்தது. நான் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். விம் எடிட்டரைத் திறந்தாயிற்று. எழுதத் தொடங்க ஐ அடி என்றேன். செமிகோலன் என்றேன், “புள்ளிக்குக் கீழ வாலு இருக்குமே, அதுவா?” என்றான். அதுவே. எழுதியதை முடிக்க அடுத்து எஸ்கேப். போன் கீபோர்டில் எஸ்கேப் எங்கே இருக்கிறது? கண்ட்ரோலோடு சதுர அடைப்பைத் தட்டினாலும் எஸ்கேப்தான். “இடது அடைப்பால, வலது அடைப்பால?” இடது. சேமித்து வெளியே வர கோலன், டபிள்யூ, கியூ. ரீஸ்டார்ட். சைட் வந்துவிட்டது.

அவன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒரு புள்ளி, ஒரு வாலு. இதுக்கால உனக்கு அவ்வளவு சம்பளம் தாராங்க?” என்றான். இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். கல்யாண வீடு, துஷ்டி வீடு எங்கே பார்த்தாலும் இதைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துகிறான்.

பாளை ஜன்னலோரம்

விஎஸ் கோட் எடிட்டராக இருந்திருந்தால் அந்தச் செமிகோலன் எழுதும்போதே சிவப்புக் கோடு விழுந்திருக்கும்.

ஐந்தருவி எஸ்எஸ்எச்

விழாது. என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்குக்குத் தனி எக்ஸ்டென்ஷன் வேண்டும். கோடு எதற்கு, ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் ‘என்ஜின்எக்ஸ் ஹைஃபன் டி’ என்று ஒரு கமாண்டு போட்டிருந்தால் எந்த வரியில் கோளாறு என்று அதுவே சொல்லியிருக்கும். எடிட்டர் மேல் பழி போடாதீர்கள்.

பாளை ஜன்னலோரம்

எடிட்டர் பற்றி யாரும் பேசவில்லை என்று ஆரம்பித்தது நீங்கள்தானே அண்ணாச்சி.

செங்கோட்டை சாரல்

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். சாரல் தொடங்கினால் என் ஃபைபர் பெட்டிக்குள் எறும்பு குடிவந்துவிடுகிறது, முட்டையோடு. பெட்டி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கிறது, அதற்கு அது போதும். போன வாரம் நேர்காணல், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே லேன் போர்ட்டிலிருந்து வரிசையாக வெளியே வந்து கேமரா முன்னால் போகின்றன. எதிரில் இருந்தவர் கேள்வியை நிறுத்திவிட்டு எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சாக்பீஸ் கோடு போட்டாயிற்று, வேப்பெண்ணெய் தடவியாயிற்று. பெட்டிக்குள் ஸ்ப்ரே அடிக்கவும் பயமாக இருக்கிறது. யாருக்காவது வழி தெரியுமா?

அம்பை ஃபேஸ்

ஸ்ப்ரே அடித்துவிடாதீர்கள், அதில் எரியக்கூடிய வாயு இருக்கும். முதலில் அடாப்டரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைக் குளிர விடுங்கள். வெதுவெதுப்பு போனால் அதுகளே முட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். பிறகு பெட்டியைச் சுவரில் ஒட்டாமல் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், ஃபைபரை மட்டும் மடக்கிவிடாமல். வயர் இறங்குகிற இடத்தில் கொஞ்சம் வாசலின். அது இருக்கட்டும், உங்கள் வீட்டில் எர்த் எப்படி?